இருபது சென் பசுமை

போன வாரம் எங்கள் தாமான் மளிகைக்கடையில் ஒரு பாட்டி கல்லாக்காரரிடம் மல்லுக்கு நின்றார். "வெங்காயத்த நீயே பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுக்குற. அதுக்குக் காசு இல்ல. தூக்கிட்டுப் போற பைக்கு மட்டும் இருவது சென்னா? அந்தக் காசு எங்க போவுது?" கல்லாக்காரர் சிரித்தார். "கவர்மெண்டு சொல்றது பாட்டி, என்னைக் கேட்டா?"

பாட்டி கேட்டது சில்லறைக் கேள்வி அல்ல. நமது ஊராட்சி மன்றங்களின் பசுமைக் கொள்கைகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பினாங்கு 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவச நெகிழிப்பையை நிறுத்தியது. 2011இல் அது எல்லா நாளுக்கும் ஆனது. சிலாங்கூர் 2010இல் சனிக்கிழமைகளில் தொடங்கி, 2017இல் எல்லா நாளுக்கும் வந்து சேர்ந்தது. இதை நான் கேலி செய்யவில்லை. துணிப்பையோடு கடைக்குப் போகிறவர்களை இன்று யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அது இந்தக் கொள்கைகளால் வந்த நன்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேகமாக நடைமுறைக்கு வருவது, வாங்குகிறவரின் பையில் கைவிடும் திட்டம்தான். மலைச்சரிவில் அடுக்குமாடி கட்டும் விண்ணப்பமும் திடலைக் கடைவரிசையாக மாற்றும் விண்ணப்பமும் அதே மன்றத்தின் மேசைக்குத்தான் வருகின்றன. அங்கே மட்டும் 'நிலைத்தன்மை' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

1992 ரியோ மாநாட்டின் 'அஜெண்டா 21' ஆவணத்தில் 28ஆவது அத்தியாயம் ஊராட்சிகளுக்கானது. குடியிருப்பாளர்களோடு பேசி உள்ளூர்த் திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது அது. மலேசியாவில் 2000இல் பெட்டாலிங் ஜெயா, கிரியான், குவாந்தான், மிரி ஆகிய நான்கு இடங்களில் அது முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. பட்டறை, குழு, கலந்துரையாடல் எல்லாம் இருந்தன. மக்கள் பங்கேற்பைப் பற்றிப் பேசிய அந்த மன்றங்களில், மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட இல்லை.

இருந்திருக்க முடியாது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவையே சாத்திவிட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது; நாற்காலிகள் கட்சிகளுக்குப் பங்கு பிரிக்கப்படுகின்றன.

இது நமக்கு அந்நியமான வரலாறும் அல்ல. 1951இல் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தலை நடத்திய ஊர் ஜார்ஜ்டவுன். 1957இல் அது மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன். ஊராட்சிகளை ஆராய 1965இல் அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அவருடைய 1968 அறிக்கை சொன்னது. அரசு ஏற்கவில்லை. பினாங்கு மீண்டும் முயன்றபோது, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. இந்த இரண்டு பெயர்களையும் 'நம்ம ஆளு' என்று விழா மேடையில் சொல்லிக்கொள்ளும் நாம், அவர்கள் எதற்காக நின்றார்கள் என்பதை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம்.

தேர்தல் வந்தால் மன்றம் பச்சையாகிவிடுமா? ஆகாது. தேர்ந்தெடுக்கப்பட்டவரும் மேம்பாட்டாளர் பக்கம் சாயலாம். ஆனால் அவரை அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பலாம். நியமிக்கப்பட்டவரை என்ன செய்வது?

ஒருமுறை நான் குப்பையைப் பிரித்து வைத்தேன். வந்த லாரி இரண்டு பையையும் ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. புகார் எழுதினேன். 'தங்கள் புகார் குத்தகையாளருக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அபராதம் விதிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு என்மேல் இருக்கிறது; கேள்வி கேட்கும் அதிகாரம் எனக்கு மன்றத்தின்மேல் இல்லை. கொள்கை தோற்கும் இடம் இதுதான். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று அடுத்த ஆண்டும் ஒரு பிரச்சாரம் நடக்கும், பதாகையோடும் டி-சட்டையோடும்.

பாட்டி இருபது சென்னைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அதைக் கல்லாக்காரரிடம் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பதுதான் என் குற்றச்சாட்டு.