குறிஞ்சிப்பாட்டு ஒரு கணக்கெடுப்பா?

கபிலரோட குறிஞ்சிப்பாட்டில் வர்ற 99 பூக்களைப் பழந்தமிழரின் தாவரக் கணக்கெடுப்புன்னு பலரும் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்லை. கணக்கெடுப்புன்னா இடம், தேதி, எண்ணிக்கை வேணும். பாட்டின்படி, தினைப்புனம் காக்கும் பெண்கள் அருவியாடிவிட்டு, பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் இவை. ஆனா மலைக்குறிஞ்சியோடு நெய்தல் நிலத்துப் புன்னை, தாழை, ஞாழலும் பட்டியலில் இருக்கு. ஒரே மலைச்சாரலில், ஒரே பகலில் இத்தனையும் கிடைக்காது.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியதுன்னு பழைய குறிப்பு சொல்லுது. அப்படிப் பார்த்தா இது சொற்பாடம். அந்த வகையில் அபாரமானது. எந்தப் பூ எங்கே வளர்ந்தது என்பதற்கு இதைச் சான்றாக்குவதுதான் தப்பு.

தேனாம்பேட்டையில் கோடை நடையின்போது பார்த்த ஒரு சரக்கொன்றையை, தெருப்பெயர், தேதியோட வருஷாவருஷம் குறிச்சு வைங்க. பூக்கும் காலம் மாறுதான்னு அதிலிருந்து சொல்லலாம். 99 பெயர்களிலிருந்து சொல்ல முடியாது.