இயந்திரத்தை யார் சோதிப்பது?

மணலியிலிருந்து மாதவரம் செல்லும் சாலையில், மாத்தூரில் உள்ள ஒரு பலசரக்குக் கடை. மாலை நேரம். தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடைகளுடன் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் இன்னும் சீருடையில் இருந்தார். அவர் நீட்டிய வங்கி அட்டையைக் கல்லாவில் இருந்த பெண் வாங்கி, இயந்திரத்தில் செருகி, தொகையை அழுத்தினார். பிறகு தலை நிமிராமலே, "அண்ணா, பின் நம்பர் சொல்லுங்க" என்றார். அவரும் சொன்னார். நான்கு இலக்கங்கள். நான் கேட்டேன், எனக்குப் பின்னால் நின்ற இருவர் கேட்டிருப்பார்கள், அரிசி மூட்டை அடுக்கிக் கொண்டிருந்த பையனும் கேட்டிருப்பான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமான நிகழ்ச்சி அது.

அந்தப் பெண்மீதோ அந்தத் தொழிலாளிமீதோ குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. உலகின் தலைசிறந்த மறைகுறியீட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, மாத்தூர்க் கடையின் கல்லா மேசையில் ஏன் இப்படி அவிழ்ந்து விழுகிறது என்பதே என் கேள்வி. மக்களின் அறியாமைதான் காரணம் என்று வங்கிகள் சொல்லும். அந்த விடை எனக்குப் போதவில்லை.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "கார்டு தேய்க்கலாமா?" என்றுதான் இன்றும் கடைகளில் கேட்கிறோம். அட்டையைச் செருகுகிறோம், அல்லது இயந்திரத்தின்மேல் காட்டுகிறோம், தேய்ப்பதே இல்லை. எனினும் சொல் நிலைத்துவிட்டது. அட்டையின் பின்புறம் உள்ள கறுப்பு நிறப் பட்டையின் காலத்துச் சொல் அது. அந்தப் பட்டையில் காந்தப் பொருளின் நுண்துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. பழைய பாட்டுக் கேசட்டின் நாடாவும் இதுவும் ஒரே குடும்பம். பட்டை, படிக்கும் தலையைக் கடந்து நகரும்போது காந்தப் பாயம் மாறுகிறது. மாறும் பாயம் கம்பிச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பள்ளியில் படித்த பாரடே விதியேதான். பட்டை அசையாமல் இருந்தால் சுருளில் ஒன்றும் தோன்றாது. ஆகவேதான் 'தேய்க்க' வேண்டியிருந்தது.

வங்கிகள் பெரிதும் பயன்படுத்தும் இரண்டாம் தடத்தில் அதிகம் போனால் 40 எழுத்துகள் அடங்கும். அட்டை எண், காலாவதித் தேதி, வேறு சில குறிகள்: அவ்வளவுதான். நேற்று எவையோ இன்றும் அவையே, நாளையும் அவையே. மாறாத 40 எழுத்துகளை ஒரு தடவை படித்துவிட்டவன் வேறொரு வெற்று அட்டையில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரும் கடைத்தொடரின் கல்லா இயந்திரங்களுக்குள் 2013 நவம்பர் இறுதியில் ஒரு களவு நிரல் புகுந்தது. மூன்று வாரங்களுக்குள் ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்கள் பறிபோயின. வாடிக்கையாளர் எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அட்டையைத் தேய்த்தார்கள், அவ்வளவே.

சில்லு அட்டை இதற்கு மாற்றாக வந்தது. 1990-களில் யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து இதற்குரிய விதிகளை வகுத்தன. இதன் நுட்பத்தை எங்கள் பகுதியில் எளிதாக விளக்கலாம். எண்ணூர்த் துறைமுகத்துக்கோ சென்னைத் துறைமுகத்துக்கோ செல்லும் கண்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கண்டெய்னர்க் கதவில் ஒரு சீல் இருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். வெட்டினால் அந்தச் சீல் முடிந்தது. அடுத்த பயணத்துக்கு வேறு சீல், வேறு எண். காந்தப் பட்டையோ கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய அடையாளம் போன்றது. யாரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். சில்லு ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஒரு புதிய சீலை உருவாக்குகிறது. தொகை, தேதி, இயந்திரம் அனுப்பும் ஒரு தற்செயல் எண், தன் எண்ணிக்கைக் கணக்கு ஆகியவற்றைத் தனக்குள் புதைந்துள்ள இரகசியச் சாவியுடன் கலந்து ஒரு குறியீட்டைக் கணக்கிடுகிறது. அந்தக் குறியீட்டைத் திருடினாலும் மறுமுறை பயன்படாது. சாவியோ சில்லை விட்டு வெளியே வருவதே இல்லை.

இந்த விஷயத்தில் நம் நாடு பின்தங்கி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் டெபிட் அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் பின் எண் வேண்டும் என்பது 2013 டிசம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வெறும் காந்தப் பட்டை அட்டைகளையெல்லாம் சில்லு அட்டைகளாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்த கெடு 2018 டிசம்பர் 31. அமெரிக்கக் கடைகளில் பின் எண் கேட்காமலே அட்டைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே அது கட்டாயமாயிற்று.

நிற்க. இந்த ஏற்பாட்டில் யார் யாரை நம்புகிறார்கள் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். 'நான் போலியல்ல' என்று அட்டை தன் சீலால் வங்கிக்கு மெய்ப்பிக்கிறது. 'நானே உரிமையாளர்' என்று வாடிக்கையாளர் பின் எண்ணால் மெய்ப்பிக்கிறார். சரி, 'நான் போலியல்ல, திரையில் காட்டும் தொகையைத்தான் எடுக்கிறேன்' என்று இயந்திரம் வாடிக்கையாளருக்கு எப்படி மெய்ப்பிக்கிறது? எப்படியும் இல்லை. அட்டைக்குச் சோதனை உண்டு, ஆளுக்குச் சோதனை உண்டு. இயந்திரத்தை மட்டும் நாம் அப்படியே நம்ப வேண்டும்!

இது வெறும் தத்துவக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார் டிரைமர், ஸ்டீவன் மர்டாக் ஆகிய இருவர் 2006-இன் இறுதியில் ஓர் உண்மையான கடை இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டுத் தம் சொந்த மின்னணுச் சுற்றை அதில் பொருத்தினார்கள். பிறகு அந்த இயந்திரத்தின் சின்னத் திரையில் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் விளையாட்டை ஓடவிட்டுக் காட்டினார்கள். வேடிக்கைதான், ஆனால் அதன் பொருள் என்ன? வெளியே பார்த்தால் அசல் இயந்திரம், உள்ளே எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

மறு ஆண்டு அதே இருவரும் ஒரு படி மேலே போனார்கள். ஒருவர் உணவு விடுதியில் சாப்பிட்டுவிட்டு அட்டையைச் செருகுகிறார். அந்த இயந்திரம் போலி. திரையில் சாப்பாட்டுச் செலவு மட்டும் தெரிகிறது. அதே நொடியில் வேறொரு கடையில் கூட்டாளி ஒருவன் ஒரு போலி அட்டையை அசல் இயந்திரத்தில் செருகியிருக்கிறான். இரண்டுக்கும் இடையில் வானொலித் தொடர்பு. நகைக்கடை இயந்திரம் கேட்பதையெல்லாம் விடுதியில் இருக்கும் அசல் அட்டை பதில் சொல்கிறது. சீல் உண்மையானது, பின் எண் உண்மையானது, வாங்கியது மட்டும் சாப்பாடு அல்ல, நகை! சில்லின் கணிதத்தில் ஓர் எழுத்தைக்கூட உடைக்காமல் இதைச் செய்ய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். பரிகாரமும் அவர்களே சொன்னார்கள். ஒளி ஒரு நானோ நொடியில் செல்லும் தொலைவு 30 சென்டிமீட்டர்தான்; ஆகவே கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை நுட்பமாக அளந்தால் அட்டை அருகில் இருக்கிறதா, அடுத்த தெருவில் இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். இயற்பியல் மாணவர்கள் இரசிக்க வேண்டிய யோசனை இது.

மாத்தூரில் இத்தனை வித்தை யாருக்கும் தேவையில்லை என்பதுதான் வருத்தம். பின் எண்ணை அழுத்தும் பலகை மிகுந்த கவனத்துடன் செய்யப்படுகிறது. அழுத்திய எண் உள்ளேயே குறியீடாக மாற்றப்படுகிறது, பெட்டியைப் பிரிக்க முயன்றால் உள்ளிருக்கும் சாவிகள் அழிந்துவிடும். அந்த எண்ணைக் கடைக்காரர் அறியக்கூடாது என்பதற்கே இவ்வளவும். நாமோ அதை உரக்கச் சொல்கிறோம். அட்டையும் அந்த நேரத்தில் பிறர் கையில் இருக்கிறது. அதன் முதுகில் அந்தப் பழைய காந்தப் பட்டை இன்னும் இருக்கிறது! சில்லு வந்த பிறகும் பட்டையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு படிப்பானில் ஒரு முறை இழுத்தால் 40 எழுத்துகளும் நகல். 'இந்த அட்டையில் சில்லு உண்டு, சில்லையே பயன்படுத்து' என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஒரு குறி பட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குறியை மதிக்கும் இயந்திரங்கள் உலகெங்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

2016-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். பண இயந்திரங்களை நிர்வகித்துவந்த ஹிட்டாச்சி பேமெண்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிகளில் களவு நிரல் நுழைந்தது. ஏறத்தாழ 32 இலட்சம் டெபிட் அட்டைகள் ஐயத்துக்கு உள்ளாயின. பல வங்கிகள் அட்டைகளை முடக்கின, மாற்றிக் கொடுத்தன. இது கடைகளில் நடந்ததல்ல, பண இயந்திரங்களில் நடந்தது; எனினும் பாடம் ஒன்றே. நம்மவர்களின் அட்டைகள் சீனாவிலும் அமெரிக்காவிலும் பயன்படுத்தப்பட்டதாகப் புகார்கள் வந்தன. 19 வங்கிகளின் வாடிக்கையாளர் 641 பேர் இழந்த தொகை 1.3 கோடி ரூபாய் என்று தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அப்போது அறிவித்தது. மாஸ்டர்கார்டு நிறுவனம் 2021-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2029-இலிருந்து அதன் புதிய அட்டைகளில் காந்தப் பட்டை இராது, 2033-க்குள் அது முற்றிலும் மறைந்துவிடும். பூட்டு மாற்றிய பிறகும் பழைய கொல்லைக் கதவை இத்தனை காலம் திறந்து வைப்பானேன்?

இதற்கிடையே மக்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. காட்டினாலே பணம் போகும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெரிசலான பேருந்தில் ஏறினால், யாரோ இயந்திரத்தை அருகே கொண்டுவந்து பணத்தை உறிஞ்சிவிடுவார்களாம். என் மாணவர்களே கேட்கிறார்கள். இந்த அட்டையில் மின்கலம் இல்லை. இயந்திரத்தின் சுருள் வினாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை திசைமாறும் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அட்டையின் ஓரத்தில் ஓடும் சில சுற்றுக் கம்பி அதிலிருந்து மின்சாரம் பெற்றுச் சில்லை எழுப்புகிறது. சுருளின் அளவைத் தாண்டிச் சென்ற பின் அந்தப் புலம் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவை இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்கு. ஆகவே சுமார் 4 சென்டிமீட்டருக்குள் வந்தாக வேண்டும். அப்படியே ஒட்டி வைத்தாலும், பணம் போய்ச் சேர்வது ஒரு வங்கி கொடுத்த வியாபாரிக் கணக்குக்கு. திருடன் தன் முகவரியை விட்டுச் செல்வது போலத்தான்.

தொலைந்த அட்டைதான் உண்மையான ஆபத்து. பின் எண் இல்லாமல் காட்டிச் செலுத்தும் வரம்பு முதலில் 2,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய். தில்லியிலும் மும்பையிலும் இருப்பவருக்கு அது சில்லறையாக இருக்கலாம். மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அது பல நாள் உழைப்பு. இந்த வசதியை வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் வாடிக்கையாளருக்கு வழி செய்துதர வேண்டும் என்று 2020-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நல்ல ஆணை. வங்கியின் கைப்பேசிச் செயலியில் எங்கோ ஒரு மூலையில் அந்தச் சாவி இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

இனி நான் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 2017 ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பெரும் துணை. தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பு இல்லை. வாடிக்கையாளர் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு விதியும் உண்டு: வாடிக்கையாளரின் கவனக்குறைவால், எடுத்துக்காட்டாக இரகசிய விவரத்தைப் பிறருக்குச் சொன்னதால், இழப்பு நேர்ந்தால் வங்கிக்கு அறிவிக்கும் வரை முழு இழப்பும் அவருடையதே. விதி நியாயமாகத்தான் தெரிகிறது. மாத்தூர்க் கடைக்கு அதைக் கொண்டுவாருங்கள். அங்கே பின் எண்ணைச் சொல்லச் சொல்வது கடை. இயந்திரத்தைக் கடைக்குக் கொடுத்தது ஒரு வங்கி. அந்தப் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் கண்டும் காணாமல் இருப்பவர்களும் அவர்களே. கவனக்குறைவு என்ற பெயர் மட்டும் சீருடைக்காரர் தலையில்!

அவர் ஏன் தாமே அழுத்தவில்லை? என் முறை வந்தபோது, "நானே போடுகிறேன் அம்மா" என்றேன். அந்தப் பெண் இயந்திரத்தை என் பக்கம் நகர்த்த முயன்றார். மின்னூட்டக் கம்பி ஒரு முழம் நீளம்கூட இல்லை. கல்லாவின் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வரவில்லை. நான் தடுப்பின் ஓரமாகக் கையை நுழைத்து, தலைகீழாகத் தெரிந்த எண்களைத் தடவி அழுத்த வேண்டியதாயிற்று. திரையில் வந்த சொற்கள் யாவும் ஆங்கிலம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் தொகையைச் சரிபார்ப்பதற்குள் வரிசையில் பின்னால் முணுமுணுப்பு எழும். இந்த நிலையில் எண்ணை வாயால் சொல்லிவிடுவதே நாகரிகம் என்று ஒருவருக்குத் தோன்றினால் அது அறியாமையா?

இப்போது யார் அட்டை பயன்படுத்துகிறார்கள், எல்லாம் சதுரக் குறியீட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்புகிறார்களே என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பளக் கணக்கின் அட்டையை மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் ஏராளம். தவிர, அந்த முறையை ஒப்பிட்டால் என் குறை இன்னும் தெளிவாகும். அங்கே கடையின் பெயரும் தொகையும் தெரிவது உங்கள் திரையில். எண்ணை அழுத்துவதும் உங்கள் கருவியில். அந்த முறையிலும் ஏமாற்று வேலைகள் நடக்கின்றன. அது வேறு கதை. ஆனால் பிறர் இயந்திரத்தைக் கண்ணை மூடி நம்ப வேண்டிய தேவை அதில் இல்லை.

அதே கல்லா மேசையில், அந்த அட்டை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஒலிப்பெட்டி இருந்தது. யாரோ கைப்பேசியில் பணம் அனுப்பியதும் இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று அது தெளிவான தமிழில் கடைக்காரருக்கு அறிவித்தது. கடைக்காரருக்குத் தமிழில் சொல்லத் தெரிந்த மின்னணுவியலுக்கு, 'தொகை இவ்வளவு, எண்ணை நீங்களே அழுத்துங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்வது கடினமா என்ன? ஒரு திரை, ஒரு குரல், இரண்டு முழம் நீளமான ஒரு கம்பி. இயந்திரத்தைக் கொடுக்கும் வங்கிகளிடம் இதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.