ஏறுமுன் தட்டிக் கேட்பது

சிலாபம் முதல் கற்பிட்டி வரை கரையோரத் தோட்டங்களில் தேங்காய் பறிக்க வருகிற மரமேறியை, அவர் பாதி உயரம் போன பிறகுதான் பலரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கோ, தளையைக் காலில் மாட்டுவதற்கு முந்திய சில நிமிடங்கள்தான் பெரிய விருந்து.

நல்ல தொழில்காரர் நேரே மரத்தடிக்கு வரமாட்டார். தள்ளி நின்று வட்டைப் பார்ப்பார். குருத்து நேராக நிற்கிறதா, காய் சிறுத்திருக்கிறதா, மரங்கொத்தி எங்கே பொந்து போட்டிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு மரத்தைச் சுற்றி வந்து கத்தியின் பின்புறத்தால் தட்டுவார், மிருதங்கம் வாங்க வந்த வித்துவானைப் போல, காதைச் சாய்த்து. வைரம் பாய்ந்த இடத்தில் கத்தி துள்ளித் திரும்பும்; உக்கிய இடத்தில் ஓசை உள்ளேயே அமுங்கிவிடும்.

இவ்வளவு கவனம் ஏன்? மாவும் வேம்பும் காயத்தைப் புதுப்பட்டையால் மூடிக்கொள்ளும். தென்னை அப்படி மூடாது. ஏறுவதற்காக என்றோ வெட்டிய படி மரம் உள்ளவரை அப்படியே கிடக்கும், நோய்க்கு வாசலாக. தென்னையின் பலமெல்லாம் வெளிச்சுற்றில், நடுப்பகுதி மென்மையானது. அதனால் உள்ளே கோறையான மரமும் பச்சை ஓலையோடு, குலை தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பச்சைதான் ஆளை ஏமாற்றுவது.

இப்படி மரத்தை உள்ளே குடையும் செவ்வண்டின் புழு இளமரத்தையே அதிகம் விரும்பும். முதிர்ந்த மரத்திலோ, கருவண்டு குடைந்த காயம் வழியே வட்டுக்குள் புகுந்துவிடும். மரத்தில் காதை வைத்தால் அது அரிக்கும் சத்தம் கேட்கும். துளையில் மென்ற நார் தள்ளும், புளித்த வாடை வரும். வெடிப்பில் செம்பழுப்புச் சாறு வடிந்து கறுத்தால் அது வேறு நோய். இலங்கையில் பூஞ்சை ஆய்வாளர் டி. பெட்ச் அதை 1906இலேயே பதிவுசெய்தார். இதே புத்தளம் மாவட்டத்து லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி தொடங்கியது 1929இல்தான். மேலைநாடுகளில் ஒலியலை செலுத்தியும் மெல்லிய ஊசியால் துளைத்தும் மரத்தின் உட்புறத்தை அளக்கிறார்கள். கத்தியின் பின்புறம் கேட்பதும் அதே கேள்வியைத்தான்.

கள் இறக்குகிறவருக்குச் சோதனை இன்னும் கடுமையானது. மரத்துக்கு மரம் இரண்டு தும்புக்கயிறு. ஒன்றில் கால், மற்றதில் கை. ஒரு மரம் உக்கினால் அதில் கட்டிய கயிற்றுப் பாதையே போச்சு. உப்புக்காற்றில் கயிற்றையும் நம்பிவிட முடியாது.

நான் மிகவும் மதிக்கும் வித்தை, ஏறாமல் விடுவது.

“முதலாளி, இதில ஏற ஏலாது.”

“காய் குலுங்குதே!”

“குலுங்கும். மரம் உள்ளுக்குச் சரியில்ல.”

கூலி மரக்கணக்கில் என்பதால் அந்த மறுப்புக்கு அவருக்கு ஒரு சதமும் இல்லை. விட்ட மரத்துக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்பேன். அடுத்த முறை வேறொருவர் அறியாமல் ஏறிவிடாதபடி, அந்த மரத்தைத் தாமதிக்காமல் சாய்க்கவும் வேண்டும். செவ்வண்டு விழுந்த மரமென்றால் சாய்த்துப் போட்டால் போதாது. துண்டு போட்டு, பிளந்து, புழுவோடு எரித்துவிட வேண்டும்.