தோற்ற மென்பொருளும் பாடமாகட்டும்

வேலையை விடாமல் படிக்கும் நிர்வாகிகளுக்காக வணிகத் தகவல் அமைப்புகளில் நடத்தப்படும் முதுநிலைப் படிப்புகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் அவற்றின் பெரிய குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணவர்கள் தங்கள் அலுவலகங்களில் கண்ட தோல்விகளை இந்தப் படிப்புகள் வகுப்பறைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன.

இந்தக் கல்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 1943-லேயே நிர்வாகிகளுக்கான எம்பிஏவைத் தொடங்கியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் 1968-ல் மேலாண்மைத் தகவல் அமைப்புகளுக்கென்று தனி முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பிட்ஸ் பிலானி 1979 முதல் பணியில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. மென்பொருள் துறையினர் பலர் அந்த வழியில்தான் எம்.டெக். முடித்தார்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இருபத்திரண்டு வயது மாணவருக்கு ஈஆர்பி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் தேர்வில் விரித்து எழுதவேண்டிய ஒரு பெயர். பத்து வருடம் கிடங்கு நிர்வாகம் பார்த்தவருக்கோ, கணினி காட்டும் இருப்பும் அலமாரியில் இருக்கும் இருப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது தினசரித் தலைவலி. அவர் கேட்கும் கேள்வியில் பேராசிரியருக்கே பாடம் இருக்கிறது. கணக்குத் துறையும் கணினித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியும்படி பேசப் பழகுவது இங்கேதான். அலுவலகத்தில் அதற்கு நேரமும் இல்லை, துணிவும் இல்லை.

இத்தனை அனுபவம் வந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் படிக்கக் கொடுப்பதோ பெரும்பாலும் கேஸ் ஸ்டடி. வணிகப் பள்ளிகள் ஒரு நிறுவனத்துக்குள் போய் எழுதும் கேஸ்கள் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே வெளிவரும். தன் வீழ்ச்சியைப் பாடமாக்க எந்த நிறுவனம் எளிதில் கையெழுத்துப் போடும்? இப்படிச் சலித்து வந்த வெற்றிக் கதைகளையே படித்தவர், அடுத்த மாதம் ஒரு பெரிய மென்பொருள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார்.

அப்படிப்பட்ட ஒப்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்ததைப் பார்ப்போம். 2018 ஏப்ரலில், பழைய தாய் நிறுவனமான லாயிட்ஸின் கணினி அமைப்பிலிருந்து சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. 2022-ல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. அடுத்த ஆண்டு, தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரியாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விதித்தார்கள்.

வங்கி கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் இதை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2019-ல் வெளியானது. அந்த அமைப்பு இரண்டு தரவு மையங்களில் இயங்கவேண்டியது. முக்கியச் சோதனைகள் ஒன்றில் மட்டுமே நடந்திருந்தன. முதல் கால அட்டவணை தவறியபோது, புதிய அட்டவணை மட்டும் எப்படி நிறைவேறும் என்று இயக்குநர் குழு போதிய அளவு துருவிக் கேட்கவில்லை. இவற்றைக் கேட்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம், சோதனை என்றால் எங்கே, எந்தச் சுமையில் என்று கேட்கவேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகிக்குத் தொழில்நுட்ப விவரம் தேவையில்லை என்று வாதிடுவோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு பருவமாவது மாணவர்கள் தாங்களே டேட்டாபேஸைத் திறந்து பார்க்கட்டும், லாக் கோப்பைப் படிக்கட்டும்.

இந்த எச்சரிக்கை புதிதல்ல. தொழில்நுட்ப எழுத்தாளர் நிக்கோலஸ் கார் 2003-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில், தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் கிடைக்கும் பொதுச் சரக்காகிவிட்டது, அதனால் யாருக்கும் தனி மேன்மை இல்லை என்று எழுதியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. வாய்ப்புகளைவிட ஆபத்துகளைக் கவனியுங்கள் என்பதும் அதே கட்டுரையின் அறிவுரை. அவருடைய முதல் வாதத்தை நானும் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அந்த அறிவுரை அந்தச் சர்ச்சையிலேயே அமுங்கிப்போனது வருத்தத்துக்குரியது.

அந்த ஆபத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நம்பியது, கிளை நடத்தியவர்களை நம்பவில்லை. அது தவறாகக் காட்டிய பற்றாக்குறைகளை வைத்து, 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அந்த மென்பொருளை வழங்கிய புஜிட்சு நிறுவனத்தின் ஊழியர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கை மாற்ற முடியும் என்ற உண்மை வெகுகாலம் மறுக்கப்பட்டது. 2019-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்பை யாரும் இலவசமாகப் படிக்கலாம். நம் நாட்டில் ஆதார் ஆணையத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2022-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதுவும் பொது ஆவணம்தான். யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத இந்த ஆவணங்களிலிருந்து ஒரு முழுத் தாளையே அமைத்துவிடலாம்.

இன்னொரு மாற்றம் ஆய்வேட்டில் வேண்டும். மாணவர் தன் நிறுவனத்திலேயே செய்யும் ஆய்வை அங்குள்ள மேலதிகாரியே மதிப்பிட்டால், அவருக்குப் பிடிக்காததை எழுத யாருக்கு மனம் வரும்? மதிப்பெண்ணை வெளித் தேர்வாளரிடம் கொடுக்கவேண்டும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மென்பொருளோடு தினமும் மல்லாடும் கவுண்டர் ஊழியர்களின் சாட்சியம் ஆய்வேட்டில் கட்டாயம் இடம்பெறவேண்டும். நிறுவன ரகசியம் வெளியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஆய்வேடுகளைச் சில ஆண்டுகள் பொதுப் பார்வைக்கு வைக்காமல் காப்பதற்குப் பல்கலைக்கழகங்களிடம் ஏற்கெனவே நடைமுறை இருக்கிறது.