தையல் இழுக்காத சிரிப்பு

விளம்பர எழுத்தில் துணிச்சல் மலிவான சரக்கு. கூச்சம் தரும் சொல் ஒன்றை அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தால் நாலு பேர் பேசிவிடுவார்கள். அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்புப் பொருட்களுக்கு அமெரிக்காவில் சில ஆண்டுகளாக எழுதப்படும் குறும்பு வாசகங்களைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் துணிச்சலைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு அவற்றில் பிடித்தது வேறு. தேறிய வாசகங்களில் எல்லாம் நகைச்சுவை ஒரு நர்ஸின் வேலையைச் செய்கிறது. எங்கே வலிக்கும், எதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அதே மூச்சில் சிரிக்கவும் வைக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாசகம் படுத்துவிடும்.

இதைப் படிப்பவள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம்: மருத்துவமனையில் தங்கும் செலவைக் காப்பீடு இதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அங்கே 1996-இல் சட்டம் வந்தது. வராமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. வீடு திரும்பியபின் மருத்துவரைப் பார்ப்பது ஆறாவது வாரத்தில், ஒரே ஒரு முறை என்பதே நெடுங்கால வழக்கம். முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே தாயோடு பேசிவிட வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் பரிந்துரைத்தது 2018-இல்தான். உதிரப்போக்கு, தையல், மூலம், பால்கட்டு எல்லாம் வந்து போவது இந்த இடைவெளியில். நம் வீடுகளில் இந்த நேரத்துக்கென்று ஒரு அம்மாவோ அத்தையோ வெந்நீரும் அதட்டலுமாக நிற்பார்கள். அங்கே பல வீடுகளில் நிற்பது ஓர் அட்டைப்பெட்டி. நள்ளிரவில், ஒரு கையில் குழந்தையோடு, தூக்கமில்லாத கண்ணால் அதைப் படிக்கிறவளுக்குச் சிரித்தால் தையல் இழுக்கும். வெடிச்சிரிப்பு அவளுக்கு ஆகாது. உதட்டோரம் சுழிக்கிற அளவுக்குத்தான் எழுத முடியும். இவ்வளவு கறாரான யாப்பு வேறு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

பீச்சு பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். தையல் போட்ட இடத்தைத் துடைக்கக் கூடாது, தண்ணீர் பீச்சித்தான் கழுவ வேண்டும். மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் சாதாரண பாட்டிலின் மூக்கு நேராக நிற்கும். குனிய முடியாதவள் அதைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் குறிபார்த்து அழுத்த வேண்டும். மயாமியைச் சேர்ந்த ஃபிரிடா நிறுவனம் மூக்கை வளைத்து, பாட்டிலைத் தலைகீழாகப் பிடிக்கும்படி செய்தது. அதற்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒன்று ‘ஃபிரிடே’: நிறுவனத்தின் பெயரும், கழுவிக்கொள்ளும் ‘பிடே’யும் ஒட்டிய சிலேடை. இன்னொன்று ‘மாம்வாஷர்’, டிஷ்வாஷர் வரிசையில் அம்மாவுக்கும் ஒரு வாஷர். பிறகு வந்த பெயர் ‘தலைகீழ் பாட்டில்’ என்கிற பொருளில் சாதாரணமாகத்தான் ஒலிக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். பெயரைப் படித்தவளுக்குச் செய்முறைத் தாள் தேவையில்லை. அந்தக் கேலியும் பழைய பாட்டிலை வடிவமைத்தவர் மேல் விழுகிறதே தவிர, அதோடு மல்லுக்கட்டியவள் மேல் விழவில்லை.

இந்தக் குரலை எழுத்தாளர்கள் தாங்களே கண்டுபிடித்ததாகவும் சொல்ல முடியாது. விட்ச் ஹேசல் சாற்றில் நனைத்து ஃப்ரீசரில் வைத்த நாப்கினை, குச்சி ஐஸின் பெயரோடு கோத்து ‘பேட்சிக்கிள்’ என்று அழைத்தவர்கள் தாய்மார்கள். நல்ல விளம்பர எழுத்தாளர் செய்ததெல்லாம் அதை ஒட்டுக்கேட்டு, கெடுக்காமல் அட்டைக்குக் கொண்டுவந்ததுதான்.

ஆபாசம் என்பது முதல் ஆட்சேபம். 2020 ஆஸ்கர் விழா ஒளிபரப்புக்கு ஃபிரிடா கொடுத்த விளம்பரம் அப்படித்தான் திரும்பி வந்தது. குழந்தை அழுகிறது, தாய் எழுந்து, வலை உள்ளாடையோடு தாங்கித் தாங்கிக் கழிவறைக்குப் போய், அந்தப் பாட்டிலோடு போராடுகிறாள். அநேகமாக வசனமே இல்லை. ஒளிபரப்பத் தகாத அளவுக்கு வெளிப்படையாக இருக்கிறது என்று மறுத்தார்கள். மாதவிலக்கைக் குறிக்கும் நேர்ச்சொல் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒலித்ததே 1985-இல், டாம்பாக்ஸ் விளம்பரத்தில். நாப்கினில் நீலத் திரவத்துக்குப் பதில் சிவப்பை ஊற்றிக் காட்ட பிரிட்டனின் பாடிஃபார்முக்கு 2017 ஆயிற்று. ஆபாசத்தின் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருப்பது, அது எங்கே போட்டாலும் உடலின் சாதாரண வேலை அதற்கு அந்தப்பக்கமே விழுவதால்தான். மறுத்த மறு ஆண்டே, 2021 கோல்டன் குளோப்ஸ் ஒளிபரப்பில், பாலூட்டும் மார்பகங்களைக் காட்டிய இதே நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தர நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. இந்த ஓட்டையைச் சிலேடையால் அடைத்துக் காசு பார்ப்பது சரியா? சரியில்லைதான். வீட்டு ஃப்ரீசரிலேயே ஆகிற காரியத்துக்கு விலைபோட்டு விற்பதும் உண்டு. ஆனால் இதற்கு மாற்றாகச் சந்தையில் இருந்தது என்ன? பூப்பூவாய் அட்டை, வெள்ளைப் போர்வை, தாயைத் தெய்வமாக்கும் வாசகம். தெய்வத்துக்கு யாரும் வெந்நீர் வைத்துத் தருவதில்லை. வலியின் இடத்தைப் பெயரோடு சொல்கிற அட்டை கணவன் கண்ணிலும் படும், அலுவலக மேலாளர் கண்ணிலும் படும். விடுப்பு கேட்கப் போகிறவளுக்கு அது ஒன்றும் இடைஞ்சல் இல்லை.

இந்தக் கலையில் என் கடைசி அளவுகோல், சிரிப்பை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த வரியில் கேலி கூடாது, அடைமொழி கூடாது, எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அங்கேயும் சிலேடை வைக்கிறவரை அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பிவிடலாம்.