பொங்கலின் தோற்றம்: சான்றும் விருப்பமும்

2020 சனவரியில், பள்ளிகளில் நடைபெறும் பொங்கல் நிகழ்வைச் சமயச் சார்புடையதாகக் குறிப்பிட்ட கல்வியமைச்சுக் கடிதமொன்று மலேசியத் தமிழரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. பொங்கல் சமயவிழா அன்று, ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய அறுவடை நன்றிவிழாவே என்பது நம்மவர் பலர் அளித்த மறுமொழியாகும். இம்மறுமொழியின் நோக்கம் நன்று. ஆயின், அதற்கு அடிப்படையாகக் காட்டப்பெறும் சான்றுகள் எத்துணை வலிமையுடையன என்பதை நாம் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவதாகச் சங்க இலக்கியம். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியவற்றில் தைந்நீராடல் பற்றிய குறிப்புகள் உள்ளன. பரிபாடல் வையையில் கன்னியர் நீராடி நோன்பியற்றுவதை விரிவாகப் பாடுகிறது. ஆனால், இவை நோன்பைக் காட்டுகின்றனவேயன்றிப் புத்தரிசிப் பானையைக் காட்டவில்லை. சிலப்பதிகாரத்தில் பொங்கல் என்னும் சொல் படையற் பொருளாக வருகிறது. எனினும், அது இடம்பெறுவது இந்திரவிழாவில், காவற்பூதத்திற்கு இடும் பலியில், அவ்விழாவோ சித்திரைக்குரியது. திங்களின் பழைமையும் சொல்லின் பழைமையும் விழாவின் பழைமை ஆகா. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதே நம் கட்டுரைகளில் மலிந்து காணப்பெறும் பிழையாகும்.

இரண்டாவது, நாள் பற்றியது. தை முதல் நாள் என்பது கதிரவன் மகர இராசியில் புகும் நாள். ஆந்திரம், கருநாடகம், மராட்டியம் ஆகிய பகுதிகள் இதனைச் சங்கராந்தியாகவும், அசாம் மாக பிகுவாகவும் கொண்டாடுகின்றன. கதிரவன் வடதிசை திரும்பும் உண்மையான நாள் திசம்பர் 21 அல்லது 22 ஆகும். அந்நாளும் மகரப் புகுதியும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னரே ஒன்றியிருந்தன. ஆகவே, இந்நாள் இந்தியப் பகுதிகள் பலவற்றுக்கும் பொதுவான வானியற் கணக்கில் அமைந்தது. பானையும் கரும்பும் மாட்டுப்பொங்கலும் சேர்ந்த விழாவடிவமே தமிழருக்குச் சிறப்பாக உரியது எனலாம்.

மூன்றாவது, இருபதாம் நூற்றாண்டு. திராவிட இயக்கம் பொங்கலைத் தமிழினத்தின் விழாவாக முன்னிறுத்தியது. 1950களின் தொடக்கத்தில் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழர் திருநாளைச் சமய வேறுபாடு கடந்த ஒன்றுகூடலாக வளர்த்தெடுத்தார். தை முதல் நாளைப் புத்தாண்டாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008இல் இயற்றப்பெற்று, 2011இல் நீக்கப்பெற்றது. இவ்வழக்கில், 1921இல் பச்சையப்பன் கல்லூரியில் மறைமலையடிகள் தலைமையில் அறிஞர் ஐந்நூற்றுவர் கூடி முடிவெடுத்தனர் என்னும் கூற்று திரும்பத் திரும்ப எழுதப்பெறுகிறது. ஆயின், அக்காலச் செய்தியிதழோ கூட்டக் குறிப்போ அதற்கு மேற்கோளாகக் காட்டப்பெறுவது அரிது. சான்று கேட்பது அடிகளாரை இகழ்வதாகாது.

பிற நாட்டு நன்றிவிழாக்களும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. அமெரிக்கர் தம் நன்றிநாளின் தோற்றத்தை 1621ஆம் ஆண்டுப் பிளிமத் விருந்திற்கு ஏற்றுவர். வர்சீனியர் 1619ஐக் காட்டுவர். ஆண்டுதோறும் நாடளாவிக் கொண்டாடும் வழக்கமோ உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் 1863இல் விடுத்த அறிவிப்பிலிருந்து தொடர்வது. நம் நாட்டிலேயே, சரவாக்கின் காவாய் டாயாக் நன்றிவிழா 1957இல் வானொலிக் கலந்துரையாடலொன்றில் எழுந்த கருத்திலிருந்து வளர்ந்து, 1965 சூன் முதல் நாளில்தான் முதன்முறை பொதுவிழாவாக நடைபெற்றது. அறுவடைச் சடங்குகள் அதனினும் பழையவை. பொதுநாள் மட்டுமே புதியது. இதனை ஒப்புக்கொள்வதால் காவாயின் பெருமை குறையவில்லை.

ஜொகூரில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகிறது. குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் நெல் விதைத்தவர் அல்லர். அறுவடையும் செய்தவர் அல்லர். கடையில் வாங்கிய அரிசியைக் கொண்டே லயத்து வாசலில் பொங்கலிட்டனர். அங்கு அவ்விழா அறுவடைக்கு நன்றியாக மட்டும் நில்லாமல், விட்டுவந்த ஊரின் நினைவாகவும் உழைப்பவர் கூடும் நாளாகவும் பொருள் விரிந்தது. இப்பொருளை எந்தச் சங்கப் பாடலும் தர இயலாது; அவர்தம் வாழ்வே தந்தது.

எனவே, சமயவிழாவா இனவிழாவா என்னும் வினாவைத் தோற்றத்தைக் கொண்டு தீர்க்க முற்படுவது பொருந்தாது. கதிரவனை வணங்கிப் பொங்கலிடும் இந்துக் குடும்பத்திற்கு அது வழிபாடுமாம். தமிழ்நாட்டில் தேவாலய முற்றத்தில் பொங்கலிடும் கிறித்துவர்க்கு அதுவே பண்பாட்டு நன்றியுமாம். இரண்டையும் மறைக்காது கூறுவதே நேர்மை. நம் மாணவர்தம் ஆய்வேடுகளில் திங்கள், சொல், சடங்கு, பொதுநாள் என நான்கையும் தனித்தனியே சான்றுடன் நிறுவும் வழக்கம் வேரூன்ற வேண்டும். இல்லாத சான்றின்மேல் எழுப்பிய வாதம், அலுவலர் ஒருவர் ஆதாரம் எங்கே என்று கேட்ட அளவிலேயே சரிந்துவிடும்; அதனோடு, உள்ள உரிமையும் ஐயத்திற்கு உள்ளாகும்.