விசாரணைக்கு முன்பே விடுதலை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நியூயிங்டன் என்றொரு சிற்றூர். சிக் சாவர் துப்பாக்கி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதன் பி320 கைத்துப்பாக்கி, விசையை இழுக்காமலே வெடித்துத் தங்களைக் காயப்படுத்தியதாகப் பலர் வழக்குத் தொடுத்தார்கள். போலீஸ்காரர்களும் அவர்களில் உண்டு. விசையை இழுக்காமல் அது சுடாது என்பது நிறுவனத்தின் பதில். 2024இல் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 20 லட்சம் டாலருக்கு மேலும், பிலடெல்பியாவில் இன்னொரு ஜூரி 1 கோடியே 10 லட்சம் டாலரும் நஷ்டஈடாகத் தரச் சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் கெல்லி அயோட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வெளிப்புறப் பாதுகாப்புப் பூட்டு போன்ற சில அம்சங்கள் துப்பாக்கியில் இல்லை என்பதையே வடிவமைப்புக் குறையாகக் காட்டி, இனி அந்த மாநிலத்தில் தயாரிப்பாளர்மீது வழக்குப் போட முடியாது.

இதே துப்பாக்கியின் ராணுவ வடிவத்தை 2017இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்தது. அதில் வெளிப்புறப் பூட்டு உண்டு. சிப்பாய்க்கு வேண்டியிருந்த பூட்டு, கடையில் வாங்குகிறவருக்கு வேண்டாமா? இரண்டு பக்கமும் பேசப் பொறியாளர்கள் கிடைப்பார்கள். பூட்டில்லாத துப்பாக்கிகளை வேறு நிறுவனங்களும் விற்கத்தான் செய்கின்றன. அந்த வாதத்தை ஆற அமரக் கேட்கவேண்டிய இடம் நீதிமன்றம். புதிய சட்டம் மூடியது அந்த இடத்தை.

தயாரிப்பாளர்களை வழக்கிலிருந்து காக்கும் இந்தச் சட்டக் கவசங்கள் முதலில் வேறு நோக்கத்துக்காகத் தோன்றியவை என்பதை நினைவில் வைத்தால்தான் நியூ ஹாம்ப்ஷயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது புரியும். புகையிலை நிறுவனங்களை மாநிலங்கள் நீதிமன்றம் வழியாகப் பணியவைத்துக்கொண்டிருந்த 1998இல், நியூ ஆர்லியன்ஸும் சிகாகோவும் துப்பாக்கித் தொழில்மீது அதே வழியைப் பரீட்சை பார்த்தன. குண்டடிபட்டவர்களின் மருத்துவச் செலவையும் போலீஸ் செலவையும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது நகரங்களின் கோரிக்கை. 1999 பிப்ரவரியில் அட்லாண்டா வழக்குப் போட்ட சில நாள்களிலேயே, நகரங்கள் அப்படி வழக்குப் போடக் கூடாதென்று ஜார்ஜியா சட்டமன்றம் சட்டம் செய்துவிட்டது. லூசியானா, டெக்சஸ் எனப் பட்டியல் நீண்டது. டெக்சஸில் கையெழுத்திட்ட ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2005இல் அதிபராக நாடு முழுவதற்குமான காப்புச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் தனிக் காப்பும் இருக்கிறது.

இந்தச் சட்டங்களுக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சட்டப்படி செய்து, சட்டப்படி விற்ற பொருளை எவனோ ஒருவன் கொலைக்குப் பயன்படுத்தினால் செய்தவனைக் கூண்டில் ஏற்றலாமா? கூடாது என்றுதான் நானும் சொல்வேன். இன்னொன்று, வழக்கில் ஜெயிப்பதற்கும் பணம் வேண்டும். ஒரே நேரத்தில் முப்பது நகரங்கள் வழக்குப் போட்டால், தீர்ப்பு வருவதற்குள் வக்கீல் செலவே நிறுவனத்தைச் சாய்த்துவிடும். அந்த நெருக்கடியில்தான் 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கட்டுப்பாடுகளை ஏற்கும் ஓர் ஒப்பந்தத்துக்குக் கிளின்டன் அரசோடு இறங்கி வந்தது. துப்பாக்கிப் பிரியர்கள் அந்த நிறுவனத்தைப் புறக்கணித்தார்கள், அடுத்த ஆண்டே அது அடிமாட்டு விலைக்குக் கைமாறியது. சட்டமன்றத்தில் நிறைவேற்ற முடியாததை வழக்குச் செலவைக் காட்டி வாங்குவது ஜனநாயகமா என்று இந்தச் சட்டங்களின் ஆதரவாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் நீதிமன்றங்கள் அப்போது கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 2001இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2004இல் இல்லினாய் உச்ச நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில் தயாரிப்பாளர்கள் பக்கமே நின்றன. மாறாக, ஒஹையோ 2002இல் சின்சினாட்டி நகரின் வழக்கை நடக்கவிட்டது. பதரை நீதிபதிகளே தூற்றிக்கொண்டிருந்தார்கள் என்றால், கவசம் உண்மையில் தடுப்பது எதை? மிஞ்சக்கூடிய நெல்மணிகளை என்பதுதான் என் சந்தேகம்.

அப்படி ஒரு மணி 2002இல் வாஷிங்டன் வட்டாரத்தை நடுங்கவைத்த தொடர் கொலைகளின் வழக்கு. கொலைகாரர்களிடம் இருந்த ரைஃபிள் டகோமா நகரக் கடை ஒன்றின் சரக்கு. அந்தக் கடையில் 200க்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லை. 2004இல் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்கு விசாரணைக்குப் போனால்தான் கடையின் பேரேடும், நிறுவனத்தின் உள்கடிதங்களும் மேசைக்கு வரும். துப்பாக்கி விஷயத்தில் இதற்கு மாற்று வழியும் குறைவு. 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டம் துப்பாக்கியை அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றால் ஆணையம் திரும்பப் பெறச் சொல்லும். நிஜத் துப்பாக்கியில் அது தலையிட முடியாது. கட்டுப்படுத்தும் ஆணையமும் இல்லை, வழக்கும் இல்லை என்ற சலுகை இந்தத் தொழிலுக்கு மட்டும் எதற்கு?

2005 சட்டம் ஆறு விதிவிலக்குகளை விட்டுவைத்திருக்கிறது. விற்பனை, சந்தைப்படுத்தல் பற்றிய சட்டத்தை நிறுவனம் தெரிந்தே மீறியிருந்தால் வழக்குத் தொடரலாம் என்பது அவற்றில் ஒன்று. 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியான சாண்டி ஹூக் பள்ளி வழக்கில், விளம்பரம் வரம்பு மீறியது என்ற அந்தச் சந்தின் வழியாகக் குடும்பங்கள் நுழைந்தன. 2019இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அனுமதித்தது. 2022இல் துப்பாக்கியைத் தயாரித்த ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் 7 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டன. 2019 தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அந்த வழியை அகலப்படுத்தும் சட்டங்களைச் செய்தன. அவற்றிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவை பயன்படுத்தும் ‘பொதுத் தொல்லை’ என்ற சொல்லுக்குள் எதையும் திணிக்கலாம். மெக்சிகோ அரசு துப்பாக்கி நிறுவனங்கள்மீது போட்ட வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியபோது, எழுதியவர் நீதிபதி எலேனா கேகன். துப்பாக்கிக் கட்சிக்காரர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள்.

மாநிலக் கவசங்களில் மிக மோசமானவை பின்னோக்கிப் பாய்பவையும் தண்டிப்பவையும்தான். இண்டியானாவின் கேரி நகரம் 1999 ஆகஸ்டில் போட்ட வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதைச் சாகடிக்க 2024இல் வந்த சட்டம், கேரி வழக்குப் போட்டதற்கு மூன்று நாள் முந்தைய தேதியிலிருந்தே செல்லும் என்றது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றினால் தெருவில் கோலி விளையாடும் பையன்கூட ஒத்துக்கொள்ள மாட்டான்.

கொலராடோ இன்னொரு வகை. 2012இல் அரோரா திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். மகளை இழந்த பெற்றோர், கொலையாளிக்கு இணையம் வழியாகத் தோட்டா விற்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு பலவீனமானது என்றே வைத்துக்கொள்வோம், தள்ளுபடி செய்ததோடு விட்டிருக்கலாம். மாநிலக் காப்புச் சட்டமோ எதிர்த்தரப்பு வக்கீல் செலவையும் அவர்கள் தலையில் கட்டச் சொன்னது. தொகை இரண்டு லட்சம் டாலருக்கு மேல். 2023இல் கொலராடோ அந்தச் சட்டத்தை நீக்கியது. அந்தப் பெற்றோருக்கு எதிரான உத்தரவு வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.